பதிமூன்று அங்குல ப்ரொப்பெல்லர்

பாச்சாங்கில் ரிமோட் விமானக் கடை வைத்திருந்தார் அவர். நெற்றி நிறைய விபூதி, மெலிந்த உடம்பு. பேசும்போது ஏதாவதொரு ப்ரொப்பெல்லரை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பார்.

தானே செய்த சாகச விமானத்துக்கு மோட்டார் கேட்டு ஒரு லாரி டிரைவர் அவரிடம் போனார். கடைக்காரர் சிறிய மோட்டாரும் பதிமூன்று அங்குல ப்ரொப்பெல்லரும் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வழக்கமாக விமானம் விடும் உம்பாய் திடலில் அந்த விமானம் செங்குத்தாக ஏறியது. உச்சியில் மோட்டார் புகைந்து நின்றது. விமானம் எங்கள் கண்ணெதிரே விழுந்து நொறுங்கியது. கருகிய மோட்டாரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்த மோட்டாருக்கு ஒம்பது அங்குலத்துக்கு மேல தாங்காதே?"

"தெரியும் லா."

"அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

"போன மாசம் நான் விமானத்த எறக்கறப்ப கவுத்துட்டேன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சான் இவன்."

பிறகு அவரே போய் டிரைவரின் தோளை அணைத்துக்கொண்டார். "கவலப்படாதீங்க தம்பி, நாளைக்குக் கடைக்கு வாங்க. நல்லதா பாத்துத் தரேன்." அந்தக் குரலில் அவ்வளவு பரிவு. அது எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவர் போனதும் டிரைவரிடம் உண்மையைச் சொன்னேன். டிரைவருக்கு என்மேல்தான் கோபம் வந்தது.

"அப்படிலாம் பேசாதீங்க அண்ணே. அவரு தங்கமான மனுசன் லா."