சேகரன் கை வைத்த இடம்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு நீளமாக ஒரு பெட்டி வந்தது. மகள் காலேஜுக்குப் போயிருந்தாள், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். உள்ளே ஒரு எலெக்ட்ரிக் கிடார். அடடா, அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மேல் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய் மரம் தெரிகிறது. திருகெல்லாம் துரு. அங்கங்கே சொட்டை வேறு. கொண்டுவந்தவரைத் தெருமுனை வரை ஓடிப் பிடித்தேன்.

"ஏனுங்க, எவனோ அடிச்சுப் புழங்கினதைக் கொண்டாந்து எங்க தலையில கட்டறீங்களே, நாயமா?"

"எனக்கு என்னங்க தெரியும், போன்ல ரிட்டன் போடுங்க" என்று அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சாயங்காலம் மகள் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அது புத்தம் புதுசு! அந்தக் காலத்து மாடலைத் திரும்பப் போட்டிருக்காங்க. தேஞ்ச மாதிரி கம்பெனியிலயே செஞ்சு அனுப்பறாங்க. நெசமான பழசு நம்மளால வாங்க முடியுமா? இதுதான் கம்மி விலை."

தேய்க்கிறதுக்கு ஒரு கம்பெனியாம்! என்ன கண்றாவி இது, நீங்களே சொல்லுங்கள். கட்டாத வேட்டியைக் கிழித்து விற்றால் வாங்குவீர்களா? ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து வந்த பெயிண்ட் வாசம் என்னைச் சும்மா விடவில்லை. நேராக என் வாலிப காலத்து நாமக்கல் லாரிப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நான் அங்கே லாரிக்குப் பாடி கட்டுகிற வேலையில் இருந்தேன். நோம்பி, திருவிழா வந்தால் ஆர்கெஸ்ட்ரா. ஓமலூரிலிருந்து ஆத்தூர் வரைக்கும் மேடை ஏறியிருக்கிறோம். வெண்ணந்தூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த சேகரன்தான் லீட் கிடார். நான் ரிதம். அதாவது, நான் நடுவில் நிறுத்திவிட்டு டீ குடித்தாலும் கூட்டத்துக்குத் தெரியாது. சேகரன் நிறுத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும். யாரிடமோ பழசாக வாங்கிய சிவப்புக் கிடார் அவனுடையது. பன்னிரண்டு வருசம் வாசித்ததில், வலது முன்கை படுகிற இடத்தில் சிவப்பெல்லாம் போய் மரம் வழவழவென்று ஆகிவிட்டது. "கண்ணை மூடிக்கிட்டாலும் கை அங்க போயி உக்காந்துக்கும்டா" என்பான்.

தறித் தொழில் படுத்ததும் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனான். கிடாரை என்னிடம் கொடுத்தான். "பத்திரமா வெச்சிரு சாமி. மாரியம்மன் நோம்பிக்கு வாரேன். நாந்தான் வாசிப்பேன்."

பத்திரமாக வை என்றால் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! எங்கள் பட்டறையில் எந்த வண்டியும் வந்த கோலத்தில் திரும்பிப் போகாது. சொட்டையோடு அனுப்பினால் எங்களுக்கு மானக்கேடு. சேகரன் வரும்போது கிடார் புதுசாக நிற்க வேண்டும் என்று பெயிண்டரிடம் கொண்டுபோனேன்.

"பழைய பெயிண்டை முழுசா வழிச்சிரலாமுங்களா?" என்றார்.

"வழிங்க" என்றேன்.

பட்டி பூசி, தேய்த்து, லாரிக்கு அடிக்கிற அதே பச்சை. மஞ்சள் பார்டர். ஓரத்தில் ஒரு தாமரைப்பூ. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சொன்னபடி சேகரன் வந்தான். மேடைக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பளபளன்னு இருக்குதுடா" என்றான். அவ்வளவுதான். மேடையில் வேர்த்த கை அந்தப் பெயிண்டில் நிற்காமல் வழுக்கியது. இடம் தேடித் தேடித் தடவினான். தாளமே தப்பாதவன் இரண்டாவது பாட்டிலேயே தப்பினான். கூட்டம் ஊளையிட்டது. இறங்கி வந்து கிடாரை என் கையில் கொடுத்தான்.

"நீயே வெச்சுக்க சாமி. கை நிக்க மாட்டீங்குது."

திட்டியிருந்தால் தேவலை. பாவி, ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்ப ரிக்குக்குப் போனான். அதன் பிறகு எந்தக் கிடாரையும் அவன் தொடவே இல்லை. ஆர்கெஸ்ட்ராவும் கலைந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் அவனும் போய்ச் சேர்ந்தான்.

மகளுடைய கிடாரில் தேய்ந்த இடத்தில் என் முன்கையை வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே இடம். எரிச்சலாக வந்தது. எவன் கையும் படாமல் தேய்ந்த இடம்!

ஞாயிற்றுக்கிழமை பரண்மேலிருந்து பச்சைக் கிடாரை இறக்கி, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் மகள்.

"சேகரன் மாமா கை வெச்ச எடத்தைத் தேடறேன்."

தாமரை போனது. பச்சை போனது. பட்டியும் உதிர்ந்து மரம் வந்தது. இன்னும் தேய்த்தேன். இந்த ஓரமும் மரம், அந்த ஓரமும் மரம், எல்லாம் ஒரே மாதிரி. பெயிண்டர் நல்ல வேலைக்காரர். ஒரு இடம் மிச்சம் வைக்காமல், நான் சொன்னபடியே முழுசாக வழித்திருக்கிறார்.