அநியாயத்துக்கு ஐந்து வாக்கியம்

அம்மா வாயில் ‘அநியாயம்’ என்ற சொல் எத்தனை தடவை வரும் என்பதை ஐந்தாம் வகுப்பில்தான் கவனித்தேன். தமிழ் டீச்சர் அதற்கு ‘நியாயம் இல்லாத செயல்’ என்று பலகையில் பொருள் எழுதிப் போட்டு, வீட்டில் பெரியவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார். நோட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னாலேயே திரிந்தேன். தக்காளி விலை அநியாயம். ஆம்பூர் வெயில் அநியாயம். எதிர்வீட்டுக் கல்யாணப் பிரியாணியில் அநியாயத்துக்குக் காரம். கம்பெனி வேன் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் தன்னை விட்டுவிட்டுப் போனது அநியாயத்திலும் அநியாயம். ஒரே நாளில் நான்கு தேறிவிட்டன. இதில் நியாயம் இல்லாத செயல் எது என்றுதான் விளங்கவில்லை. வெயில் என்ன செய்யும், பாவம்.

அத்தையிடம் ஒன்றுகூடத் தேறவில்லை. அவள் அப்பாவின் தங்கை. ஜோலார்பேட்டையில் வாழப்போன வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவளும் யாரையும் குறை சொல்லவில்லை. அவள் வந்த பிறகுதான் அம்மா ஷூ கம்பெனி வேலைக்கே போக முடிந்தது. சமையல், துணி, நான், கைக்குழந்தையாக இருந்த தம்பி என எல்லாமே அத்தை தலையில் விழுந்தது.

தம்பி தூங்கும் மதிய நேரத்தில் அத்தை ஷூவின் மேல்பாகங்களைக் கையால் தைப்பாள். ஏஜென்ட் பாய் ஒரு பையில் இருபது ஜோடி கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வந்து எடுத்துப்போவார். ஒரு ஜோடியின் இரண்டு காலையும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டியிருப்பார்கள். அப்போதுதான் நிறம் ஒத்துப்போகும். அதனால் ஒரு கால் தொலைந்தால் வேறொன்றை வைத்து ஒப்பேற்ற முடியாது. இன்னொரு காலும் குப்பைதான்.

அத்தையின் தையலைப் பார்த்துப் பார்த்து பாய்க்கு ஆச்சரியம். “மிஷின் தையல் தோத்துடும்மா” என்பார். கம்பெனிக்குள் சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்திருப்பதாகவும், வருகிற திங்கட்கிழமை கம்பெனி கேட்டுக்கு வந்தால் வேலையில் சேர்த்துவிடுவதாகவும் வார நடுவில் ஒரு நாள் வந்து சொன்னார். அத்தை அன்றைக்குத்தான் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன். அம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு அவளே வைத்த ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பாய் வந்து பையைப் பிரித்தார். இருபது வலது கால் இருந்தது. இடது கால் பத்தொன்பதுதான். மறுபடி அடுக்கினார். பையை உதறினார். கோரைப்பாயைத் தூக்கிப் பார்த்தோம், பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினோம். கிடைக்கவில்லை.

“நான் சரி பாத்துத்தான் அண்ணி கட்டி வெச்சேன்” என்றாள் அத்தை. அவ்வளவுதான் அவள் சொன்னது.

பாய் நல்ல மனுஷர். சங்கடமாகத் தொப்பியைக் கழற்றி மாட்டினார். “யாரையும் நான் சொல்லலம்மா. ஆனா கம்பெனி உள்ள சேத்துவுடணும்னா நான் கை காட்டணும். கேட்ல தெனம் பைய செக் பண்றாங்க. நாளைக்கு இன்னா ஒண்ணு காணோம்னாலும் என் பேர்தான் பேஜார் ஆவும்.”

அம்மா பொங்கிவிட்டாள். “அநியாயமா பேசாதீங்க பாய்! எங்க ஊட்டுப் பொண்ணு ஒரு நூலத் தொடுவாளா? பழி போட்டா சாமி பொறுக்காது!” தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அதை ஐந்தாவது வாக்கியமாக எழுதினேன். டீச்சர் பிற்பாடு முதல் நான்கையும் அடித்துவிட்டு அதற்கு மட்டும் ‘நன்று’ போட்டார்.

பாய் தலையைக் குனிந்தபடி பையை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுத் தையல் தருவதை நிறுத்தமாட்டேன் என்று சொன்னார். திங்கட்கிழமையைப் பற்றிப் பேசவில்லை.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. இந்த விவகாரத்தை அப்படியே விட்டுவிட என்னால் ஆகவில்லை. முதலில் தம்பியைச் சந்தேகப்பட்டு அவன் வாயைத் திறந்து பார்த்தேன். பிறகு பால்காரர். பிறகு எதிர்வீட்டு நாய். செருப்பைக் கடித்த பழைய வழக்கு அதன்மேல் இருந்தது. பாயே ஒரு காலைக் குறைத்துக் கொடுத்திருப்பாரோ என்றும் யோசித்தேன். கடைசியில் வெட்கம் கெட்டு, அத்தை துணி துவைக்கப் போன நேரம் பார்த்து அவள் டிரங்குப் பெட்டியையே திறந்தேன். தோல் இல்லை. சேலைகளுக்கு நடுவே ஒரு புது டிபன் பாக்ஸ் இருந்தது. கடைக்காரர் ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. கம்பெனிக்குக் கொண்டுபோக வாங்கியிருக்கிறாள். பார்த்ததும் என்னவோபோல் ஆகி மூடிவைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துப்பறிந்த களைப்பில் எனக்கு வேர்க்கடலை வேண்டியிருந்தது. ஒடுகத்தூர் மாமா வீட்டிலிருந்து வந்த கடலை மூட்டை சமையலறை மூலையில் இருக்கும். அம்மா அதன் வாயைத் தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பாள். அதை அவளைத் தவிர யாரும் அவிழ்த்ததில்லை. ஆனால் பக்கவாட்டில் சாக்கு ஓர் இடத்தில் கிழிந்திருப்பது திருடித் தின்கிற எனக்கு மட்டும் தெரியும். கையை விட்டேன். கடலைக்கு நடுவில் துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். அம்மாவின் பழைய ரவிக்கைத் துணி. அதற்குள் பழுப்பு நிறத்தில் ஓர் இடது கால்.

நிமிர்ந்தால் அம்மா வாசற்படியில் நிற்கிறாள். அடிக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு என் கையிலிருந்து அதை வாங்கினாள்.

“உங்க அத்த கம்பெனிக்குப் போய்ட்டா தம்பிய யாருடி பாத்துக்கறது? நான் வேலய உட்டுட்டு ஊட்லயே கெடக்கணுமா?” என்றாள். “வாயத் தொறக்காத. தொறந்தா அத்த போய்டுவா.”

அத்தை போய்விடுவாள் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பூட்டிய வீடு, ஆறிய சோறு. தலையை ஆட்டினேன். அம்மா அந்தத் தோலைத் தன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் பாலாற்றுப் பாலத்தில் வேன் போகும்போது வீசினாளோ என்னவோ, பிறகு அதை நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அத்தை எனக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். சீப்பு பாதியில் நின்றது. என் தோளில் ஒட்டியிருந்த கடலைத் தொலியை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள். சமையலறை மூலையையும் ஒரு தடவை பார்த்தாள்.

“ஊடு பூரா தேடுனியே பாப்பா. எங்கனா கண்ணுல பட்டுச்சா?”

“இல்ல அத்த.”

“நெஜமாவா?”

“சாமி சத்தியமா.”

நின்ற சீப்பை மறுபடி ஓட்டினாள். பிறகு இரண்டு சடை போட்டு, ரிப்பன் கட்டி, என் தலையைத் தடவிக்கொடுத்தாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி அவள் இன்றுவரை கேட்கவே இல்லை. அன்றைக்கு அத்தை நம்மோடுதான் இருக்கப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் தெருவுக்கு விளையாட ஓடினேன். தோல் எங்கே இருந்தது என்பது கேட்கும்போதே அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒருத்தியாவது தன் பக்கம் பேசுவாளா என்றுதான் கேட்டாள். அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.