என் வீட்டுக் கம்பத்துக்கு நான் கொடுத்த நோட்டீஸ்

எழுபதுகளின் நடுவில் சிட்னியின் மேற்குப் பக்கத்தில், ஒரு மின்சாரக் கந்தோரில் (அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் புரொபேஷன். கொழும்பில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்தவன் இங்கே மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினேன். அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பிழை பிடிபட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கிரவீனில் ஒரு பழைய மரவீட்டை வாங்கி மனைவி சரசுவையும் கூட்டிவந்திருந்தேன். இந்த வேலை போனால் என் முகத்தைப் பார்த்து வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. ஆகவே சட்டப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம். தெருவில் நிற்கும் கம்பம் கந்தோருடையது. வேலிக்கு உள்ளே நிற்கும் கம்பம் வீட்டுக்காரருடையது. தெருவிலிருந்து வரும் லைன் அதைத் தொட்டுத்தான் வீட்டுக்குப் போகும். அது உளுத்தால் வீட்டுக்காரர்தான் மாற்றவேண்டும். எங்கள் வேலை சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், அடி மண்ணை விலக்கி இரும்பு ஊசியால் குத்திப் பார்ப்பதும். நல்ல மரம் ஊசியை உள்ளே விடாது. விட்டால் டிஃபெக்ட் நோட்டீஸ். நிலைமை மோசமென்றால் உடனே ஃபியூஸைப் பிடுங்கி மின்சாரத்தை நிறுத்தவேண்டும்.

1. பக்கத்து வீட்டுப் பாண்

பக்கத்து வீட்டு ஜோ மால்டாத் தீவுக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அவருடைய கம்பத்தில் ஊசி இரண்டு அங்குலம் இறங்கியது. தெருக்கம்பத்தில் ஏணி வைத்து ஃபியூஸைப் பிடுங்கினேன். அவருடைய மனைவி கை நிறைய மாவோடு ஓடிவந்தார். ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் என் தமிழிலேயே தருகிறேன்; பாண் என்றால் ரொட்டி.

"அடுப்பில பாண் வேகுது! இருபது நிமிஷம் பொறுக்க ஏலாதா?"

"சட்டம், அம்மா" என்றேன்.

ஜோவும் வெளியே வந்தார். என் கையிலிருந்த ஃபியூஸை மட்டும் பார்த்தார். அதன்பிறகு என்னைக் கண்டால் கையசைப்பதை நிறுத்திவிட்டார். நானோ கடமையைச் செய்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

2. பாம்பு தொங்கும் வளவு

புரொபேஷன் முடிய இரண்டு கிழமை, அதாவது இரண்டு வாரம், இருக்கும்போது மேலதிகாரி கெவின் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். எல்லாரும் அவரைக் கெவின் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராமல் மிஸ்டர் கெவின் என்பேன்.

"மீட்டர் ரீடர் ரெண்டு தரம் போயும் இந்த வளவுக்குள்ள கால் வைக்கேல்லையாம். கம்பத்தடியில பச்சைப் பாம்பு தொங்குதாம். பத்துப் பதினைஞ்சு."

விலாசத்தைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"மிஸ்டர் கெவின், இது என்ர வீடு."

"நல்லதாப் போச்சு, வழி கேக்கத் தேவையில்லை."

"வேற ஆரையும் அனுப்பேலாதோ?"

"அந்த ஏரியாவுக்கு இன்ஸ்பெக்டர் நீர்தானே? பாம்பையும் பாரும், கம்பத்தையும் பாரும். ரிப்போர்ட் எழுதும்."

பாம்பு என்றது சரசுவின் புடலங்காயை. விதையைச் சேலைத் தலைப்பில் முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தவள் அவள். எங்கள் கம்பத்திலிருந்து குசினிக் கூரைவரை பந்தல் போட்டிருந்தாள். காய் சுருளாமல் நேராக வளர நுனியில் கல் கட்டுவது நம் வழக்கம். இங்கே தோதான கல் கிடைக்கவில்லை என்று, என் வேலைப் பையில் கிடந்த பழைய போல்ட்டுகளை எடுத்துக் கட்டிவிட்டாள். அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் கோடை முழுக்கக் கொடியின் அடிக்குத்தான். கொடியின் அடிதான் கம்பத்தின் அடியும். ஏற்கெனவே வயதுபோன மரம். கறையானுக்குச் சொல்லவா வேண்டும்? ஊரெல்லாம் கம்பம் தட்டித் திரிந்த நான், புடலங்காய்க் கறியை ருசித்துச் சாப்பிட்டேனே தவிர, என் கம்பத்தை ஒருநாளும் தட்டவில்லை.

அன்று தட்டினேன். பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. ஊசியைக் குத்தினேன். கைப்பிடிவரை போய் நின்றது.

வேலிக்கு மேலால் ஜோ பார்த்துக்கொண்டிருந்தார்.

'பாம்பு இல்லை, காய்கறி. கம்பம் நல்லது' என்று எழுதிவிடலாம். வேலை நிரந்தரமானபிறகு சத்தமில்லாமல் மாற்றலாம். அப்படி நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வீட்டுக் கம்பமே மாவட்டத்தில் மோசமான கம்பம் என்று தெரிந்தால் என்னை ஏன் வைத்திருக்கப்போகிறார்கள்?

"எவ்வளவு இறங்கினது?" என்று கேட்டார் ஜோ. கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முழுக்க" என்றேன்.

3. வீட்டுக்காரர் வெளியே

நோட்டீஸை முன்வாசலில் வைத்து வீட்டு ஆளிடம் கையெழுத்து வாங்கவேண்டும். இன்ஸ்பெக்டரே கையெழுத்து வைக்கக்கூடாது. என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

"என்னப்பா, திறப்பை விட்டிட்டுப் போட்டியளோ?" என்று கேட்டுக்கொண்டு கையில் சாவியோடு சரசு வந்தாள்.

"இல்லை. இது நோட்டீஸ். இதில ஒரு கையெழுத்து வையும்."

வாசித்தாள். முகம் மாறியது. "என்ர கொடியில என்ன பிழை?"

"கொடியில இல்லை, கம்பத்தில."

"கம்பம் உங்கடை. நீங்களே வையுங்கோ."

"இன்ஸ்பெக்டர் வைக்கேலாது."

"அப்ப வீட்டுக்காரர் வரட்டும். பின்னேரம் அஞ்சு மணிக்கு வருவார்." கதவு சாத்தப்பட்டது.

'வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கிறார்' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அது பொய்யுமில்லை. பிறகு ஏணியில் ஏறி என் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கினேன். ஒரு நிமிடத்தில் குசினியிலிருந்து குரல் வந்தது.

"ஐயோ, சோறு அரை அவியல்! கொஞ்சம் பொறுக்க ஏலாதே உங்களுக்கு?"

சட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜோவின் மனைவியின் மாவு படிந்த கை நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் ஏணியிலேயே நின்றேன்.

ஜோ உள்ளே போனார். என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் மனைவியைக் கூட்டிவரப் போகிறார் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் அடுப்போடு வந்தார். என்னைக் கடந்து நேரே சரசுவிடம் போய், "அடுப்பில என்ன?" என்று கேட்டார்.

"சோறு" என்றாள் சரசு, கண் கலங்க.

அடுப்பை மூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை எலக்ட்ரிஷியன் லைசன்ஸ் உள்ள தன் மைத்துனரையும் கூட்டிவந்து, கடப்பாரை போன்ற அலவாங்கு போட்டுக் கிளப்பிப் புதுக் கம்பம் நட்டுத் தந்தார். கொடியில் கைவைக்கச் சரசு விடவில்லை. பழைய கம்பத்தை எடுத்துப் புதுக் கம்பம் நடும்வரை, போல்ட்டுகள் ஆடும் பந்தலை ஒரு பக்கம் நானும் மறு பக்கம் ஜோவின் மனைவியும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணிநேரம் நின்றோம்.

4. பாவனையில் உள்ள போல்ட்டுகள்

என் கம்பத்தை நானே பாஸ் பண்ண முடியாது. கெவின் நேரில் வந்தார். தட்டினார், குத்தினார், தலையாட்டினார். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அப்போதுதான் ஒரு புடலங்காயைக் கையில் ஏந்தி நுனியைப் பார்த்தார். போல்ட்டின் தலையில் எங்கள் கந்தோர் முத்திரை. அடுத்த காயிலும் அதே முத்திரை. பதினாலு காயையும் பார்த்து முடித்தார்.

"இது எங்கட போல்ட்."

"ஓம்" என்றேன். புரொபேஷன் முடிய நாலு நாள்.

"காய் நேரா வாறதுக்குக் கட்டினது" என்றாள் சரசு. "கழிச்சுப் போட்ட போல்ட்தானே?"

கெவின் கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குநூலை எடுத்து ஒரு காயின் பக்கத்தில் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"எங்கட ஆக்கள் நட்ட கம்பம் ஒண்டாவது இவ்வளவு நேரா நிக்குதா?" என்றார்.

ரிப்போர்ட்டில் 'போல்ட்டுகள் பாவனையில் உள்ளன' என்று, அதாவது பயன்பாட்டில் இருப்பதாக, எழுதினார். அடுத்த கிழமை வேலை நிரந்தரமானது. ஒவ்வொரு காய் அறுக்கும்போதும் போல்ட்டைக் கழுவிக் கந்தோரில் திருப்பிக் கொடுத்தேன். சமைக்கும் விதத்தைக் கேட்டுக் கடைசிக் காயைக் கெவினே வாங்கிப்போனார்.

ஓய்வு பெறும்வரை கம்பம்தான் தட்டினேன். சொந்தக் கம்பத்தை முதலில் தட்டு என்பதைப் புத்தி உள்ளவர் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. ஏணி வைக்கமுன் கதவைத் தட்டி, "அடுப்பில என்ன?" என்று கேளுங்கள். ஏதாவது வெந்துகொண்டிருந்தால் அது இறங்கும்வரை யாரையும் கிட்ட விடாமல் நீங்களே கம்பத்தைக் காவல் காத்து நில்லுங்கள். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் நின்றேன். அந்த இருபது நிமிடத்தில் ஒரு கம்பமும் விழுந்ததில்லை. என் கையால் வீணாய்ப் போனது ஒரே ஒரு பாண்தான், அது ஜோ வீட்டுப் பாண்.