படித்தவள் போலத் தலையாட்டினேன்

எங்கள் பெற்றோர் சங்கத்தின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று மற்ற தாய்மார்கள் ஒரே பிடியாக நிற்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் குத்துவிளக்கு, பொன்னாடை என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டேன். சங்கம் ஆரம்பித்தது திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், நான் சொன்ன ஒரு பொய்யில்.

என் மகள் அப்போது திருப்பதியில், தெலுங்கு வழியில் ஆறாம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரி; கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வரிக்கு வரி தடுமாறுவாள். டிஸ்லெக்சியா என்ற சொல்லே நான் கேள்விப்பட்டதில்லை. திமிர் என்று நினைத்தேன். அடித்தும் இருக்கிறேன். அந்தக் கைமேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஒருநாள் பள்ளிக்கு வரச்சொல்லி தெலுங்கில் இருந்த ஒரு தாளை நீட்டினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. நான் தெலுங்கு பேசினால் யாரும் வேற்றாள் என்று சொல்ல முடியாது. எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. அதை ஹெட்மாஸ்டர் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கம். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, படித்தவள் போலத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் ஆங்கிலத்தில், அடியில் ஒரு கோடு இழுத்து.

மகளோடு வீடு திரும்பும் பஸ்ஸில் மனம் உறுத்தியது. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி, பக்கத்து சீட் அம்மாவிடம் தாளின் நகலைக் கொடுத்தேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. பெற்றோர் தங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மாணவியைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்கிறார்கள் என்று எழுதியிருப்பதாக அவர் சொன்னார். அவர் என் மகளிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். பிறகு, தன் பெண்ணுக்கும் இதே சிக்கல்தான், இது அறிவுக் குறைவு இல்லை, இதற்கென்று சொல்லிக்கொடுக்கத் தனி வழி உண்டு என்றார். வடமாலபேட்டையில் மூவரும் இறங்கி எதிர் பஸ் பிடித்தோம்.

ஹெட்மாஸ்டர் அறையில், நாலு ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குத் தெலுங்கு படிக்க வராது என்று சொன்னேன். படிக்காமல் போட்ட கையெழுத்து செல்லாது, தாளைக் கிழியுங்கள் என்றேன். முகத்தைச் சுளித்தபடி கிழித்தார். என் மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு தேறினாள். இப்போது பாலிடெக்னிக்கில் இருக்கிறாள்.

இன்று எங்கள் சங்கம் திருப்பதியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் கூடுகிறது. புதிதாக வரும் பெற்றோர், டாக்டராகவே இருந்தாலும், தமக்குத் தெரியாத எழுத்தில் ஒரு பக்கத்தைத் தம் பிள்ளைக்கு எதிரில் நின்று சத்தமாகப் படித்தாக வேண்டும். வியர்த்துப்போகிறார்கள். வியர்க்கட்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் என் மகள்தான்.

அன்று ஹெட்மாஸ்டர் அறையை விட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "உனுக்கும் படிக்க வராதாம்மா?"

வராது என்றேன்.

"அப்பறம் எதுக்கு என்ன அட்ச்ச?"

அடுத்த சனிக்கிழமை, புத்தூரில் அந்த அம்மாவின் வீட்டில், சங்கத்தை ஆரம்பித்தோம்.