நான் மூக்கைப் பொத்திய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்கார அம்மாள் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "கடப்புறமா? பாத்தா தெரியல்லியே!" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். பரிசு வழங்கிய முகம். இலையில் பாயசம் இருக்கும்போது சண்டை எதற்கு என்று சிரித்து வைத்தேன். அவரிடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

கடற்கரைக்காரர்களான எங்களைப் பற்றி ஊருக்குள் இரண்டு முடிவுகள் எப்போதோ எடுத்தாகிவிட்டன. நாங்கள் நாறுவோம், கத்துவோம். சாளை மீன் எங்கள் கடவத்தில், அந்த ஓலைப்பெட்டியில், இருக்கும்வரை நாற்றம். அவர்கள் குழம்புச்சட்டிக்குள் போனதும் மணம். வழியில் எந்த இடத்தில் மாறுகிறது என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கத்துவது உண்மைதான். வாசலில் ஓயாமல் அலை அடித்தால் நீங்களும் கத்துவீர்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் சுகம் விசாரித்துக்கொண்டாலே வெளியூர்க்காரர் விலக்கிவிட ஓடி வருவார். அம்மாவின் தங்கை, என் சித்தி, கரையில் நின்று "ஏட்டி மக்கா, சோறு திங்க வா!" என்றால் பள்ளிக்கூடம்வரை கேட்கும். டீச்சரே என்னை அனுப்பிவிடுவார்.

வேலை கிடைத்து நாகர்கோவிலில் மாடியறை பார்த்தபோது வீட்டுக்காரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "கடப்புறத்து ஆளுகளுக்குக் குடுக்கதில்ல." நான் "கன்னியாகுமரி பக்கம்" என்றேன். பொய் இல்லையே. ஏதோ லாட்ஜ் நடத்துகிற குடும்பம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அந்த லாட்ஜை இடிக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருவதே சித்திதான். "அங்க வச்சு என்னைத் தெரியாத மாதிரி இரு சித்தி" என்று கெஞ்சினேன். சித்தி கூரை அதிரச் சிரித்தாள். "செரி மக்கா, நீ யாரோ, நான் யாரோ!"

ஒரு வாரம் நன்றாகவே நடித்தோம். ஒருநாள் காலை வீட்டுக்காரம்மா சித்தி இறக்கிவைத்த கடவத்தின் முன் குத்தவைத்து அயிலை மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆபீசுக்கு இறங்கிய என்னைக் கூப்பிட்டு ஒன்றை முகத்துக்கு நேரே நீட்டினார். "பழசா, புதுசா? மோந்து பாரு."

மீனின் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, விடியக்காலையில் வந்தது. என் விரல் தானாகச் செவுளைத் தூக்கப் போனது. பதறி, அதே கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நடிப்பு மிஞ்சிவிட்டது. அந்த வீட்டுக்காரம்மாகூட மீனுக்கு மூக்கைப் பொத்தியதில்லை.

"என்ன பிள்ளே, கன்னியாகுமரிக்காரிக்கு மீனு ஆகாதா?" என்று என்னை உற்றுப் பார்த்தார். சித்திதான் பதில் சொன்னாள், "அந்தப் பிள்ளைக்குப் பழக்கமில்ல போலம்மா. விடுங்க." அத்தனை சின்னக் குரல் அவளுக்கு உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். என் அறை தப்பியது.

சனிக்கிழமை ஊருக்குப் போய்ச் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். கரையில் நின்று அதே சின்னக் குரலில் என்னவோ சொன்னாள். அலையில் எதுவும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லு சித்தி."

காதருகே வந்தாள். "வேண்டாம் மக்கா. உன்கிட்ட கத்திப் பழகினா அங்கயும் வந்துரும். உனக்க அறை போயிரும்."

அந்த அறையை நான் என்றைக்கோ காலி செய்துவிட்டேன். சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசிவரை என்னிடம் மெதுவாகத்தான் பேசினாள். பார்த்தால் தெரியவில்லை என்று பந்தியில் சொன்னீர்களே அம்மா, எப்படித் தெரியும்? ஊரிலேயே பெரிய தொண்டையை எனக்காக அடைத்துவைத்தவள் ஒருத்தி இருந்தாள். இப்போது ஊருக்குப் போனால் அலை மட்டும்தான் கத்துகிறது. சோறு திங்க யாரும் கூப்பிடுவதில்லை.