கப்பல் மணியை அடித்தபோது

எங்கள் வீடு காக்ஸ் டவுனில். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, என் கணவர் ஒரு வெண்கல மணியை எடுத்து வந்தார். பழைய பயணிகள் கப்பலில் இருந்ததாம். அதைப் பின்வாசலில் மாட்டினோம்.

மறுநாள் மத்தியானம், தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட, வேடிக்கையாக அதைக் கணகணவென்று விடாமல் அடித்தேன். உள்ளே வந்தால் தொட்டில் காலி. கைக்குழந்தையைக் காணவில்லை.

வாசலுக்கு ஓடினேன். கேட் பக்கத்தில் அடுத்த வீட்டு சவரிமுத்து ஐயா நிமிர்ந்து நின்றிருந்தார். முன்பு கப்பலில் பட்லராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடந்தவர். கம்பளியில் சுற்றிய என் குழந்தை அவர் தோளில் இருந்தது.

"தள்ளாம வாங்கம்மா. பொம்பளைங்க, குழந்தைங்க முதல்ல," என்றார் நிதானமாக. பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "உங்க பின்னாடி நனைஞ்சு நிக்கிற அம்மாவையும் வரச்சொல்லுங்க. படகுல இன்னும் ஒரு எடம் இருக்கு."

என் பின்னால் யாரும் இல்லை. சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

குழந்தையை நான் வாங்கிக்கொண்டதும் அவர் கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை பார்த்த கப்பல் ஒன்று மூழ்கியதை அவர் மகள் அப்புறம்தான் சொன்னாள். கடைசிவரை ஆபத்து மணி அப்படித்தான் விடாமல் அடித்ததாம்.

மணியின் நாக்கை அன்றே கழற்றிவிட்டோம். இப்போது பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கூப்பிட்டுவிட்டு, ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.