கிளச்சும் ஒஸ்வால்ட் சேரின் கொள்கைகளும்

கிளச்சில் கால் வைக்குமுன் ஒஸ்வால்ட் தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு பக்கத்தில் இருக்கும் புவாதுக்கு விளக்கம் தொடங்கும். "இது முயன்று தவறிக் கற்றல், புவாத். பிழை விட விட மூளை சரியானதைப் பிடிச்சுக்கொள்ளும்." விளக்கம் முடிந்ததும் கார் இரண்டு துள்ளுத் துள்ளி, வெள்ளவத்தைக் கடற்கரை வீதியின் நடுவில் அணைந்துபோகும். பின்னால் ஓட்டோக்கள் அலறும்.

"கால் படிக்கட்டும் சேர். வாய்க்கு லீவு குடுங்க," என்பார் புவாத். பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டப் பழக்குகிறவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

ஒஸ்வால்டுக்கு வயது ஐம்பத்து மூன்று. கொட்டாஞ்சேனைக்காரர். சனிக்கிழமைகளில் ஆசிரியர்களுக்கான டிப்ளோமா வகுப்பில் கல்வி உளவியல் எடுக்கிறார். மனிதர் எப்படிக் கற்கிறார் என்பதில் அவர் அறியாத கொள்கை இல்லை. மணியடித்ததும் எச்சில் ஊறும் நாய், நெம்புகோலை அழுத்தித் தீன் வாங்கும் எலி, பெட்டியடுக்கி வாழைப்பழம் பறிக்கும் குரங்கு எல்லாம் அவருடைய குறிப்பில் வரிசையாக நிற்கின்றன. அவை எப்போதோ படித்து முடித்துவிட்டன.

மாணவி ஒருத்தி பரீட்சையில் தவறினால், "உள்ளூக்கம் காணாது, பிள்ளை" என்பார். தான் தவறினால் குற்றம் பழக்குகிறவருடையது. "சரியாச் செய்தால் உடனே 'வெரி குட்' சொல்லவேணும். அதுதான் மீளவலியுறுத்தல்," என்று புவாதுக்குக் கட்டளையிட்டார். புவாத் நல்ல மனிதர். நாலு பாடம் காத்திருந்து பார்த்தார். சொல்ல இடம் வரவில்லை.

இத்தனையும் நடக்கையில் பின் சீட்டில் மனைவி மேபல் வாய் திறக்காமல் வருவார்.

லைசன்ஸுக்கான மூன்றாவது ட்ரயலில் ஒஸ்வால்டின் கார் மேட்டில் ஏறாமல் பின்னுக்கு உருண்டு, நட்டு வைத்த கம்பைச் சாய்த்தது. இறங்கி வந்தவர், "சூழல் கற்றலுக்கு உகந்ததில்லை," என்றார். அடுத்து மேபலின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாரநாட்களில் அவர் புவாதிடம் எட்டே எட்டுப் பாடம் எடுத்திருந்தது ஒஸ்வால்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேபல் ஏறினார், ஓட்டினார், பாஸ்.

"எப்பிடி?" என்றார் ஒஸ்வால்ட்.

"நீங்க கதைச்சுக்கொண்டு வந்தீங்க. புவாத்ட பக்கத்திலயும் கிளச், பிரேக் இருக்குதானே; நான் பின்னால இருந்து அவர்ட காலைப் பார்த்துக்கொண்டு வந்தனான்."

வீடு வரும்வரை அவர் ஒரு கொள்கையும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டிலும் பாதி மிஞ்சியது. முப்பது வருடம் படிப்பித்ததை மேபல் பின் சீட்டில் இருந்து, ஒரு குறிப்பும் எடுக்காமல், செய்துகாட்டியது அவருக்கு எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மேபல்தான் அவரைக் காரில் கொண்டுவந்து வகுப்பு வாசலில் இறக்கினார். ஒஸ்வால்ட் பலகையில் 'அவதானித்துக் கற்றல்' என்று பெரிதாக எழுதினார்.

"உதாரணம் சொல்றன். கொழும்பில ஒரு பெண்மணி. பின் சீட்டில இருந்து பார்த்தே கார் ஓட்டப் பழகினவ. முதல் ட்ரயலிலேயே பாஸ்!"

வகுப்பு வாய்பிளந்தது. முன்வரிசை நிரோஷா கையை உயர்த்தினாள். "அவவுக்குப் பழக்கினது ஆர் சேர்?"

ஒஸ்வால்ட் மார்க்கர் பேனாவின் மூடியை நிதானமாக மூடினார். அந்தப் பேனாவாலேயே தன் நெஞ்சில் இரண்டு தரம் தட்டிக்கொண்டார்.